சமாதானம் சொல்லும்போது எந்தக் கையைப் பிடிப்பீர்கள்?



 வழக்கமாக இந்தப் பக்கங்களில் அறுவை சிகிச்சைகளைப் பற்றியும் வார்டுச் செய்திகளைப் பற்றியும் எழுதுவோம். இம்முறை மருத்துவமனையின் வாசலுக்கு வெளியே நடக்கிற ஒரு காரியத்தை விளக்க விரும்புகிறோம். தொழுநோயிலிருந்து குணமடைந்த ஒருவர் தம் வீட்டுக்கும் சபைக்கும் திரும்பிப் போகும்போது அங்கே என்ன நடக்கிறது என்பதே அது. உங்கள் காணிக்கை அவருக்கு அறுவை சிகிச்சையையும் செருப்பையும் வாங்கித் தருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அவருக்குப் பக்கத்தில் உட்கார ஓர் ஆளை அது வாங்கித் தராது. அதைச் சபையார்தான் தர வேண்டும்.

'சீஷத்துவம்' என்ற சொல்லை நாம் கன்வென்ஷன் கூட்டங்களில் அதிகம் கேட்கிறோம். அந்தச் சொல் ஒரு பெஞ்சு, ஒரு தம்ளர், ஒரு ஜோடி செருப்பு என்ற அளவுக்கு இறங்கி வரும்போது எப்படியிருக்கும் என்று பார்ப்போம்.

உள்ளங்கையோடு உள்ளங்கை

தென்னிந்தியத் திருச்சபை 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் தேதி உருவானது. 1950-இல் வெளிவந்த அதன் திருவிருந்து ஆராதனை ஒழுங்கில், சுரியானி சபைகளின் பழைய வழக்கம் ஒன்று சேர்க்கப்பட்டது. சமாதானம் பரிமாறுவதுதான் அது. கொடுக்கிறவர் தம் வலது உள்ளங்கையைப் பெறுகிறவரின் வலது உள்ளங்கையோடு சேர்த்து வைக்க வேண்டும். பின்பு இருவரும் தங்கள் இடது கையால் மற்றவருடைய வலது கையை மூடிக்கொள்ள வேண்டும். பீடத்திலிருந்து புறப்படும் சமாதானம் இப்படிக் கை கையாக நகர்ந்து கடைசி பெஞ்சு வரை வந்து சேரும்.

இதை ஏற்படுத்தியவர்கள் தொழுநோயை மனதில் வைத்துச் செய்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் மடங்கிப்போன விரல்களையுடைய ஒரு சகோதரருக்கு ஆராதனையில் மிகவும் கடினமான நிமிஷம் இதுவே. பக்கத்தில் இருப்பவர் கையை நீட்டுவாரா, அல்லது தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வாரா? பலர் அந்தக் கேள்வி எழாதபடி தாங்களே முந்திக்கொள்ளுகிறார்கள். கையைத் துண்டுக்கடியிலோ சேலைத் தலைப்பிலோ மறைத்துக்கொண்டு, கடைசித் தூணோரமாக உட்காருகிறார்கள். திருவிருந்துக்குக் கடைசியாகப் போகிறார்கள், அல்லது போகாமலே விட்டுவிடுகிறார்கள். யாரும் அவர்களை வெளியே போகச் சொல்லவில்லை. சபையாரைக் கேட்டால், "நாங்கள் ஒன்றும் சொல்லவில்லையே, அவர்தான் வருவதில்லை" என்பார்கள். அதுவும் உண்மைதான்.

இங்கே கொஞ்சம் மருத்துவம் சொல்லியாக வேண்டும். பயம் அறியாமையிலிருந்து வருமானால், அதை அறிவினால் போக்கலாம்.

தொழுநோயை உண்டாக்கும் கிருமியை நார்வே தேசத்து மருத்துவர் ஹான்சன் 1873-இல் கண்டுபிடித்தார். அது பரம்பரையாக வருவதல்ல, சாபமும் அல்ல. சிகிச்சை பெறாத ஒருவரோடு நீண்ட காலம் மிக நெருங்கி வாழும்போது, மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் வரும் நுண்துளிகள் மூலம் இது பரவுகிறது. கைகுலுக்குவதால் பரவாது. பக்கத்தில் உட்காருவதாலோ ஒரே பந்தியில் சாப்பிடுவதாலோ பரவாது. நூற்றுக்கு 95 பேருக்கு மேல் இக்கிருமியை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் நோயாளியோடு வருஷக்கணக்கில் வாழ்ந்தாலும் நமக்கு இந்நோய் வராது.

1981-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் ஆகியவையே அந்த மருந்துகள். நோயின் வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட வேண்டும். 1995 முதல் உலகெங்கும் இம்மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. சிகிச்சை தொடங்கிய சில நாட்களுக்குள்ளேயே அவர் பிறருக்கு நோயைப் பரப்பும் நிலையிலிருந்து நீங்கிவிடுகிறார். ஆகவே உங்கள் ஆலயத்தில், மாத்திரை சாப்பிட்டு வருகிறவர் என்று தெரிந்த சகோதரரால் உங்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை. பரப்பக்கூடியவர் ஒருவேளை, தேமல் என்று நினைத்துக்கொண்டு எந்த மருத்துவரிடமும் காட்டாமல், நடுப்பெஞ்சில் நல்ல வேட்டி சட்டையோடு உட்கார்ந்திருக்கும் வேறொருவராக இருக்கலாம். யாரைக் கண்டு விலகுகிறோமோ அவரால் ஆபத்தில்லை. ஆபத்து எங்கேயிருக்கிறதென்று பார்வைக்குத் தெரியாது. அப்படியிருக்க, விலகுவதில் என்ன பிரயோஜனம்?

"தொழுநோய்தான் ஒழிந்துவிட்டதே" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவை நம் தேசம் 2005 டிசம்பரில் எட்டியது. பொது சுகாதாரப் பிரச்சனை என்ற நிலை நீங்கியதாக அறிவிக்கப்பட்டதே தவிர, நோய் நீங்கிவிடவில்லை. 2023-இல் உலகமெங்கும் ஏறக்குறைய 1,82,000 பேருக்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்பட்டது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியாவில் இருந்தவர்கள். இவர்களைத் தவிர, எப்போதோ குணமாகி, மரத்துப்போன கைகால்களோடு வாழ்ந்து வருகிறவர்கள் ஏராளம்.

ஆசாரியனுடைய வேலை

மத்தேயு 8-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் அந்த மனிதனைத் தொட்டார் என்பதை நாம் எல்லாரும் அறிவோம். சுத்தமான பிறகு தொடவில்லை, சுத்தமாவதற்கு முன்பே தொட்டார் என்பதையும் போதகர்கள் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வசனத்தில் அவர் சொன்னதை நாம் அவ்வளவு கவனிப்பதில்லை. போய் ஆசாரியனுக்குக் காண்பி என்று அவனை அனுப்பினார். குணமாக்குவதை முடித்துவிட்டவருக்கு ஆசாரியன் எதற்கு?

லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தை ஒருமுறை பொறுமையாக வாசித்துப் பாருங்கள். நம்மில் பலர் தாண்டிப்போகிற அதிகாரம் அது. அங்கே ஆசாரியன் வைத்தியன் அல்ல. அவன் மருந்து எதுவும் கொடுப்பதில்லை. குணமான மனிதனைத் திரும்பவும் ஜனங்களுக்குள்ளே சேர்ப்பதே அவன் வேலை. அதற்காக முதலில் ஆசாரியன்தான் பாளயத்துக்கு வெளியே புறப்பட்டுப் போகிறான். குணமானவன் வாசலில் வந்து நின்று காத்திருக்கும்படி சொல்லப்படவில்லை. பின்பு அவனுடைய வலது காது மடலிலும், வலது கைப் பெருவிரலிலும், வலது கால் பெருவிரலிலும் இரத்தத்தையும் எண்ணெயையும் ஆசாரியன் தன் கையாலே பூச வேண்டும். ஜனங்களின் பிரதிநிதி ஒருவன் இந்த மனிதனைத் தொடுகிறான், அதுவும் கையிலும் காலிலும். எல்லாரும் அதைப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு, "இவனைத் தொடலாமா?" என்று எவரும் கேட்க முடியாது.

குணமாகுதலில் இரண்டு பாகங்கள் உண்டு என்று இதிலிருந்து புரிந்துகொள்ளுகிறோம். முதல் பாகம் சரீரத்தில் நடப்பது. இன்று அதை மாத்திரை அட்டை செய்கிறது. இரண்டாம் பாகத்தைச் சபை செய்ய வேண்டும். அது செய்யப்படாவிட்டால் அந்தச் சகோதரர் பாதி குணமானவராகவே ஆயுசு முழுவதும் இருந்துவிடுவார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லேவியராகமத்தில் சொல்லப்படும் நோயும் இன்றைய தொழுநோயும் ஒன்றல்ல. 'சாராஅத்' என்ற எபிரெயச் சொல் துணியிலும் வீட்டுச் சுவரிலும் உண்டாகும் பூஞ்சைக்கும் கூட அங்கே பயன்படுத்தப்படுகிறது. நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் அது 'குஷ்டரோகம்' என்று வந்துவிட்டது. இதனால் ஒரு தீங்கு நேர்ந்திருக்கிறது. பாவத்தைப் பற்றிப் பிரசங்கிக்கிறவர்கள் அதைக் குஷ்டரோகத்துக்கு ஒப்பிடுவது வழக்கம்: உணர்வு மரத்துப்போகும், அழுகும், பரவும், விலக்கி வைக்கப்படும் என்று வரிசையாகச் சொல்லுவார்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொல்லுகிறார்கள். ஆனால் அன்று கடைசித் தூணோரம் உட்கார்ந்திருப்பவர் அதை எப்படிக் கேட்பார்? குருவானவர்களும் சபை ஊழியர்களும் இந்த உவமையைத் தயவாய்க் கைவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம். பாவத்துக்கு வேறு உவமைகளா கிடைக்காது? கடன் இருக்கிறது, சிறையிருப்பு இருக்கிறது, வழி தப்பின ஆடு இருக்கிறது.

தோளில் வைத்த கை

தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கும் அறுவை சிகிச்சைக்கு வேலூரில் வழிகாட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் ஊழியம் செய்த மிஷனெரிப் பெற்றோருக்கு 1914-இல் அந்த மலையிலேயே பிறந்தவர். 1946-இல் வேலூருக்கு வந்தார். மடங்கிய கையில் எல்லாத் தசைகளும் செத்துப்போவதில்லை, சில தசைகள் முழு பலத்தோடு இருக்கின்றன என்பதை அவர் செங்கல்பட்டில் நோயாளிகளைப் பார்த்தபோது கவனித்தார். அந்த நல்ல தசைகளின் தசைநாண்களை வேறு வழியாகத் திருப்பி விரல்களோடு இணைத்தால் கை மறுபடியும் விரியும். ஏறக்குறைய மூன்று வாரம் மாவுக்கட்டு. அதன்பின் பிசியோதெரபியில் புதிய தசையைக் கொண்டு விரலை அசைக்கப் பழக வேண்டும். இன்றும் இதே அடிப்படையில்தான் அந்த அறுவை சிகிச்சை நடக்கிறது.

ஓர் இளைஞனைப் பரிசோதித்துக்கொண்டிருந்தபோது, மொழிபெயர்ப்பாளர் மூலம் சிகிச்சையை விளக்கியபடியே டாக்டர் பிராண்ட் அவன் தோளில் கையை வைத்தாராம். இளைஞன் தேம்பி அழத் தொடங்கினான். தவறாக ஏதும் சொல்லிவிட்டேனா என்று டாக்டர் கேட்டதற்கு, இல்லை, நீங்கள் தொட்டதால் அழுகிறான், பல வருஷங்களாக ஒருவரும் அவனைத் தொடவில்லை என்று விடை வந்தது. இதைப் பிராண்டே எழுதியிருக்கிறார்.

அவருடைய அனுபவத்தில் நம் சபைகள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. கை சீரான சிலர் திரும்பி வந்து முறையிட்டார்கள். மடங்கிய கையைக் காட்டினால் பிச்சையாவது கிடைத்தது. இப்போது நல்ல கையைப் பார்த்து யாரும் காசு போடுவதில்லை. தொழுநோயாளி என்று தெரிந்து வேலை தருவாரும் இல்லை. அறுவை சிகிச்சை மட்டும் போதாது என்று கண்டு, தொழில் கற்றுக்கொடுக்க ஒரு புதுவாழ்வு நிலையத்தை அவரும் உடன் ஊழியரும் வேலூரில் ஏற்படுத்தினார்கள். உங்கள் சபையில் கடை வைத்திருப்பவர், அச்சகம் நடத்துபவர், பள்ளித் தாளாளர் இருப்பார்கள். அவர்களிடம் நாங்கள் பணம் கேட்பதைவிட ஒரு வேலை கேட்பதே மேல் என்று சில சமயம் தோன்றுகிறது. காணிக்கை கொடுக்க ஆயத்தமாயிருக்கும் நல்ல மனிதர்கள், "கடையில் நிற்க வைத்தால் வாடிக்கையாளர்கள் வருவார்களா?" என்று தயங்குவதைக் கண்டிருக்கிறோம்.

ஆலயவாசலில் செருப்பு

இப்போது சபைகள் அறியாமலே செய்துவிடக்கூடிய ஒரு காரியத்துக்கு வருவோம்.

இந்நோயின் கிருமி நரம்புகளைத் தாக்குகிறது. கிருமி செத்த பிறகும், அழிந்துபோன நரம்பு உயிர் பெறுவதில்லை. அறுவை சிகிச்சையால் விரல் நிமிரும், உணர்ச்சி திரும்பாது. உள்ளங்கால் மரத்துப்போனவருக்கு முள் குத்தினால் தெரியாது, சிறு கல் உறுத்தினால் தெரியாது, வெயிலில் காய்ந்த கருங்கல் சுட்டாலும் தெரியாது. நாமானால் ஒரு காலில் வலித்தால் மறுகாலில் பாரத்தை மாற்றிக்கொள்ளுவோம். அவருக்கு அந்த எச்சரிப்பு இல்லாததால் புண்ணின் மேலேயே நடக்கிறார். விரல்கள் 'உதிர்ந்து' போவதாக ஜனங்கள் நினைப்பது தவறு. கவனிக்கப்படாத காயமும் சீழும் எலும்பைத் தின்று விரலைக் குறுக்கிவிடுகின்றன. முற்காலத்தில் சிலருடைய விரல்களை இரவில் எலி கடித்தும் அவர்கள் விழிக்கவில்லை. அதைக் கண்டறிந்தபின் வேலூரில் வீட்டுக்குப் போகிறவர்களோடு ஒரு பூனையையும் அனுப்பினார்கள். சிரிப்பாகத் தோன்றினாலும் அது நல்ல மருத்துவம்.

ஆகவே வீட்டுக்கு அனுப்பும்போது, ஒரு நிமிஷமும் வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி, மிருதுவான எம்.சி.ஆர். ரப்பர் வைத்த செருப்பைத் தருகிறோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஆலயத்துக்குப் போகிறார். அங்கே எல்லாரும் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போகிறார்கள். இது பரிசுத்த ஸ்தலம் என்ற பயபக்தியினால் வந்த நம் நாட்டு வழக்கம். அதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அந்தச் சகோதரர் என்ன செய்வார்? செருப்போடு போனால் எல்லார் கண்ணும் அவர் காலின் மேல் இருக்கும். கழற்றிவிட்டால், பத்து மணி வெயிலில் ஆலய முற்றத்தின் தளக்கல் காத்திருக்கிறது. வெட்கத்தினால் பெரும்பாலோர் கழற்றிவிடுகிறார்கள். சில வாரங்களில் கொப்புளத்தோடு எங்களிடம் திரும்பி வருகிறார்கள்.

சபைக் கமிட்டி இதற்கு ஒரு தீர்மானமே போட வேண்டியதில்லை. குருவானவர் ஒருமுறை அவரைச் சந்தித்து, "ஐயா, நீங்கள் செருப்போடே உள்ளே வாருங்கள், நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்" என்றால் போதும். ஆலயத்துக்குள் போட மட்டும் இன்னொரு ஜோடி சுத்தமான எம்.சி.ஆர். செருப்பை வைத்துக்கொள்வதும் நல்ல வழி. ஆண்டவர் மோசேயிடம் பாதரட்சையைக் கழற்றச் சொன்னாரே என்று யாராவது கேட்டால், அந்தக் கால் முள்ளை உணரும் காலாயிருந்தது என்று பதில் சொல்லலாம்.

கிராமச் சபைகளில் பாயில் சம்மணமிட்டு உட்காருகிறோம். அப்படி நெடுநேரம் உட்கார்ந்தால் கணுக்காலின் வெளிப்புற எலும்பு தரையில் அழுந்துகிறது. நமக்கு வலித்தால் காலை மாற்றுவோம். அவருக்கு அது புண்ணாகும். அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். ஆனால் அவருக்கு மட்டும் தனியாக ஒரு ஓரத்தில் போடாதீர்கள். வயதானவர்களுக்கு இரண்டு மூன்று நாற்காலிகள் போட்டு, அவர்களோடு அவரையும் உட்கார வையுங்கள். நாற்காலி ஒன்றுதான், அது எங்கே போடப்படுகிறது என்பதில்தான் அன்பும் அவமதிப்பும் பிரிகின்றன. யாக்கோபு தம் நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில் உட்காரும் இடங்களைப் பற்றித்தான் அவ்வளவு கோபமாக எழுதுகிறார்.

அறுப்பின் பண்டிகையிலும், தென்மாவட்டங்களில் நடக்கும் அசனத்திலும் எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருகிறோம். சாதி பார்த்துப் பழகிய ஊர்களில், அந்தப் பந்தியே ஒரு பிரசங்கமாக இருந்திருக்கிறது. அங்கே கொதிக்கும் சாம்பாரை இலையில் ஊற்றுகிறவர் இந்தச் சகோதரர் கையை எடுக்கும்வரை கொஞ்சம் பொறுக்கட்டும். டீயைச் சில்வர் தம்ளரில் கொடுக்காமல் கைப்பிடியுள்ள கோப்பையில் கொடுங்கள். சூடு தெரியாமல் தம்ளரைப் பிடித்து விரல் வெந்துபோகிறது. அந்தக் கோப்பையை அவருக்கென்று ஒதுக்கி வைக்காதீர்கள். எல்லாருக்கும் கோப்பையே வாங்கினால் சபைக்கு அதிகச் செலவாகிவிடாது. கிறிஸ்துமஸ் இரவில் கையில் பிடிக்கிற மெழுகுவர்த்திக்கும் இதே எச்சரிக்கை.

வீட்டில் ஒரு பேஸின் தண்ணீர்

பெரிய வியாழன் அன்று பல ஆலயங்களில் பாதம் கழுவும் ஆராதனை நடக்கிறது. யோவான் 13-ஆம் அதிகாரம் வாசிக்கப்படும். குருவானவர் சிலருடைய கால்களில் தண்ணீர் ஊற்றித் துடைப்பார். பொதுவாக அன்று எல்லாரும் வீட்டிலேயே காலைக் கழுவிக்கொண்டுதான் வருகிறார்கள்.

காலில் உணர்ச்சியற்றவருக்கு இது வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற காரியமல்ல. ஒவ்வொரு நாள் மாலையும் அவருடைய பாதங்கள் 15 அல்லது 20 நிமிஷம் சாதாரணத் தண்ணீரில் ஊற வேண்டும். பின்பு தடித்த தோலை மெதுவாகத் தேய்த்து எடுத்து, ஈரம் போகுமுன் எண்ணெய் தடவ வேண்டும். அதன்பின் பாதத்தின் அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும்: சிவப்பு, கொப்புளம், வெடிப்பு, ஒட்டிக்கொண்டிருக்கும் முள் ஏதாவது உண்டா? தொட்டுப் பார்த்தால் மற்ற இடத்தைவிட அதிகச் சூடாக எங்கேயாவது இருக்கிறதா? சூடு காண்கிற இடத்தில்தான் நாளைக்குப் புண் வரும். ஆனால் தன் உள்ளங்காலைத் தானே பார்ப்பது எளிதல்ல. முதியவருக்கு அது முடியாது. சிலருக்குக் கண்ணிமை மூடாமல் கண்ணும் கெட்டிருக்கும். மரத்த கையால் சூட்டையும் அறிய முடியாது. ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கச் சொல்லித் தருகிறோம். அதைவிட நல்லது வீட்டில் ஒருவர் உட்கார்ந்து பார்ப்பது. மனைவியோ, மகனோ, மருமகளோ, பேரப்பிள்ளையோ அதைச் செய்யலாம். உடலின் ஓர் அவயவம் பாடுபட்டால் மற்றவையும் கூடப் பாடுபடும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். இங்கே பாடுபடுகிற அவயவத்துக்கே தன் பாடு தெரியவில்லை. மற்றொருவர் தம் கண்களால் அவருக்காக அதை உணர வேண்டியிருக்கிறது.

இந்த வேலைக்கு யாரும் சாட்சி சொல்லிப் பார்த்ததில்லை. மாமனாரின் காலைத் தினமும் பார்க்கும் மருமகள் எந்தக் கன்வென்ஷன் மேடையிலும் ஏறுவதில்லை. ஆனால் எங்கள் மருத்துவர்களைக் கேட்டால், புண்ணில்லாமல் பல வருஷம் வாழ்கிறவர்களின் வீட்டில் அப்படி ஒருவர் இருப்பார் என்பார்கள். தனியாக வாழ்கிறவருக்குச் சபையிலிருந்து ஒருவர் அதைச் செய்ய முடியுமா? பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வாரம் ஒருமுறை வீடு சந்திக்கப் போகும்போது ஜெபித்துவிட்டு, "அம்மா, காலைக் காட்டுங்கள்" என்று கேட்கலாம். முதல் முறை கூச்சமாயிருக்கும். பேதுருவுக்கும் கூச்சமாகத்தான் இருந்தது.

வீட்டார் அறிந்திருக்க வேண்டிய இன்னும் சில உண்டு. குளோஃபாசிமின் சாப்பிடும்போது தோல் கருமையாகும். மருந்து முடிந்து சில மாதங்களில் அது மெல்ல மாறும். "என்ன இப்படிக் கறுத்துப்போனீர்கள்?" என்று ஆலயத்தில் நாலுபேர் கேட்டதற்காக மாத்திரையை நிறுத்தினவர்கள் உண்டு. சிறுநீர் சிவப்பாகப் போவது ரிஃபாம்பிசினால். அதற்கும் பயப்பட வேண்டாம். மருந்து முடிந்த பிறகுகூடச் சிலருக்குத் திடீரெனத் தேமல்கள் சிவந்து வீங்கும், நரம்பு வலிக்கும், கை பலவீனமாகும். இதை 'ரியாக்‌ஷன்' என்கிறோம். "நோய் திரும்பி வந்துவிட்டது" என்று ஊர் பேசும். பெரும்பாலும் நோய் திரும்பியிருக்காது. செத்த கிருமிகளுக்கு எதிராக உடல் கிளர்ந்தெழுவதால் உண்டாவது அது. ஆனால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். சீக்கிரமாக ஸ்டீராய்டு மருந்து தொடங்கினால் நரம்பைக் காப்பாற்றலாம். மாதக்கணக்கில் காத்திருந்தால் முடியாமல் போகும். அந்த நாட்களில் ஒரு அயலகத்தார் பஸ்ஸில் கூட வந்தால் அது பெரிய ஊழியம்.

கல்யாணக் காரியத்தைப் பற்றி எழுதத் தயங்கினோம். ஆனாலும் எழுதாமல் விடக்கூடாது. தங்கையின் கல்யாணத்துக்கு அண்ணன் வர வேண்டாமென்று சொல்லப்படுகிறது. சம்பந்தி வீட்டாருக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று தகப்பனார் சமையல்கட்டுக்குப் பின்னால் உட்கார வைக்கப்படுகிறார். கிறிஸ்தவர்களாகிய நம் வீடுகளிலும் இது நடக்கிறது. கிறிஸ்தவர்களுக்குரிய 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம் உட்பட ஐந்து சட்டங்களில் தொழுநோய் ஒரு காரணமாக எழுதப்பட்டிருந்தது. 2019-இல் பாராளுமன்றம் அதை நீக்கியது. 1898-ஆம் ஆண்டின் பழைய தொழுநோயாளர் சட்டம் 2016-இல் ரத்தானது. பாராளுமன்றம் நீக்கிவிட்டதைச் சம்பந்தம் பேசுகிறவர்கள் இன்னும் நீக்கவில்லை. சபையில் மதிப்புள்ள ஒரு பெரியவர் முன்வந்து, "இந்த வீட்டில் நான் பெண் எடுப்பேன்" என்று சொன்னால் அந்த ஊரில் இருபது பிரசங்கங்கள் செய்யாததை அது செய்யும். இப்படிச் சொல்லுவது எங்களுக்கு எளிது; அந்தப் பெரியவருக்கு அது எளிதல்ல என்பதையும் அறிந்திருக்கிறோம்.

குருவானவர்களுக்கு ஒரு வார்த்தை

ஒருவர் வீட்டுக்குப் போகும்போது, அவர் சம்மதித்தால் மட்டும் அவருடைய குருவானவருக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்ப ஆயத்தமாயிருக்கிறோம். அவர் எந்தச் சிகிச்சையை முடித்தார், அவரால் பிறருக்கு ஆபத்தில்லை, கைகால் பாதுகாப்புக்கு என்ன தேவை என்பது மட்டும் அதில் இருக்கும். தயவாய் அதை ஜெபக்கூட்டத்தில் வாசிக்க வேண்டாம். "நம் சகோதரருக்குத் தொழுநோய் குணமானதற்காக" என்று பேர் சொல்லி ஜெபிப்பது நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டாலும், அவர் சொல்ல விரும்பாததை ஊருக்குச் சொல்லிவிடுகிறது. அவரே சாட்சி சொல்ல விரும்பினால் சொல்லட்டும். எங்களிடம் வருகிறவர்களில் எல்லா மதத்தினரும் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் தெருவில் அவர்கள் இருப்பார்களானால் மேலே சொன்ன யாவும் அவர்களுக்கும் பொருந்தும்.

அதோடு, உங்கள் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளில் யாருக்காவது வெளிறிய அல்லது சற்றுச் சிவந்த தேமல் இருந்து, அங்கே தொட்டால் உணர்ச்சி குறைவாக இருந்தால், பெற்றோரிடம் தனியாகச் சொல்லி அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். நரம்பு கெடுமுன் கண்டுகொண்டால் அந்தப் பிள்ளைக்கு இந்தக் கட்டுரையில் எழுதப்பட்ட எதுவும் தேவைப்படாது.

ஜெபக்குறிப்புகள்

குணமாகியும் வீட்டார் அழைத்துப் போக வராததால் காத்திருக்கிறவர்களுக்காக ஜெபியுங்கள். அவர்களுடைய வீட்டாருக்காகவும் ஜெபியுங்கள். அவர்களும் பயத்தில் இருக்கிறார்கள். செருப்புப் பட்டறையில் ஒவ்வொரு பாதத்துக்கும் அளவெடுத்துத் தைக்கிற ஊழியர்களுக்காகவும், பிசியோதெரபி பிரிவினருக்காகவும் ஜெபியுங்கள்.

ஜனவரி மாதக் கடைசி ஞாயிறு உலகத் தொழுநோய் தினமாக 1954 முதல் அனுசரிக்கப்பட்டு வருகிறது. அன்று உங்கள் சபைக்கு எங்கள் குழுவினர் வர விரும்பினால் முன்கூட்டியே எழுதுங்கள். பாதப் பராமரிப்பை நேரில் செய்து காட்டுவார்கள். மேடையோ ஒலிபெருக்கியோ வேண்டாம். ஒரு பேஸின், ஒரு குடம் தண்ணீர், முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் ஆயத்தமாக வைத்திருந்தால் போதும்.